குருவி வீட்டில் அழுத எம்ப்ளிபையர்

ஹுத்தான் மெலிந்தாங் அர்ச்சுனனுக்கு ஈப்போ ஐயாவு நாலாயிரம் வெள்ளி கடன். வட்டிக்கு வாங்கியதல்ல, சூதாடித் தோற்றதுமல்ல. ஒரு சாமான் செய்து தருகிறேன் என்று முன்பணம் வாங்கி, செய்தும் கொடுத்து, கொடுத்தது கருகிப் போனதால் தலையில் ஏறிய கடன். அறுபத்தேழு வயது வரைக்கும் ஒரு காசு யாருக்கும் பாக்கி வைக்காத மனிதருக்கு அது தொண்டையில் மாட்டிய மீன்முள்.

ஐயாவு யார் என்று தெரியாதவர்கள் ஈப்போவில் புந்தோங் பக்கம் போய்க் கேட்டுப் பார்க்கலாம். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பன்னிரண்டு வயதில் பால்வாளி தூக்கினார். இருபதில் ஈப்போவுக்கு வந்து ஒரு சீன முதலாளியின் ரேடியோ கடையைக் கூட்டிப் பெருக்கினார். முப்பதில் அதே வரிசையில் நாலு கதவு தள்ளிச் சொந்தக் கடை போட்டார். எவரும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. திறந்து பார்த்தார், சுட்டுக்கொண்டார், தெரிந்துகொண்டார். கல்யாணம், திருவிழா, மாதா கோயில் பவனி, தேர்தல் கூட்டம் என்று பேராக் மாநிலத்தில் எங்கே சத்தம் பெரிதாகக் கேட்டாலும் அதில் பாதி ஐயாவு கை பட்ட எம்ப்ளிபையரிலிருந்து வந்தது. மீதிப் பாதி கரகரவென்று இருந்திருக்கும். அது வேறு ஆள் செய்தது.

அர்ச்சுனன் இருபத்தெட்டு வருடம் செம்பனை எண்ணெய் டேங்கர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் மற்றவர்கள் வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள், மகளுக்குக் கார் வாங்கினார்கள். அர்ச்சுனன் குருவிக்கு வீடு கட்டினார். கீழே தேங்காய்க் கடை, மேலே ஜன்னலே இல்லாத இரண்டு மாடி. உச்சியில் ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வாலிட் குருவி உள்ளே வரவேண்டும். வந்து, இருட்டில் பலகையின் அடியில் எச்சிலால் கூடு கட்டவேண்டும். அந்தக் கூட்டைச் சூப் வைத்துக் குடிக்கச் சீனர்கள் தங்கம் நிறுப்பது போல நிறுத்து வாங்குவார்கள். அந்தக் கடலோரத்தில் இப்படி எத்தனையோ வீடுகள்.

குருவி சும்மா வராது. உள்ளே ஏற்கெனவே குருவிகள் குடியிருப்பது போலக் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டுக் கூப்பிடவேண்டும். அதற்கு எம்ப்ளிபையர் வேண்டும், பலகை பலகையாக டுவீட்டர் என்கிற குட்டி ஸ்பீக்கர் வேண்டும். கடையில் விற்கிற ரெடிமேட் எம்ப்ளிபையரைத்தான் அர்ச்சுனன் முதலில் வைத்திருந்தார். குருவிகள் ஓட்டைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பக்கத்துக்காரன் கட்டிய குருவி வீட்டுக்குள் போய் நுழைந்தன.

“அவன் வீட்டுக்கு மட்டும் ஏன்ணே போவுது?” என்றார் அர்ச்சுனன். தூரத்து உறவில் ஐயாவு அவருக்கு அண்ணன் முறை. ஏதோ கல்யாணத்தில் பார்த்துப் பேசி, குருவி வீட்டைக் காட்ட அழைத்து வந்திருந்தார்.

ஐயாவு அண்ணாந்து கொஞ்ச நேரம் காது கொடுத்தார். “உன்னுது சட்டிக்குள்ள கத்துற மாதிரி இருக்கு. மேல் சத்தம் வரல. குருவிக்குக் கூர்மையா கேக்கணும்லா. நான் செஞ்சி தாரேன். என் எம்ப்ளிபையர் வந்தா குருவி என்ன, கொக்கே உள்ள வந்து படுத்துக்கும்.”

“கொக்கு வேணாம்ணே. குருவி போதும்.”

எட்டாயிரம் வெள்ளி பேச்சு. பாதி முன்பணம், மீதிப் பாதி முதல் கூடு கண்ணில் பட்டதும். கைகுலுக்கி முடித்தார்கள்.

எம்ப்ளிபையருக்குள் ஒரு ரகசியம் உண்டு. அது சத்தத்தை வெறுமனே பெரிதாக்குவதில்லை. வெளியே போகும் சத்தத்தில் ஒரு துளியைக் கிள்ளி, ஒரு கம்பி வழியாக உள்ளே திருப்பிக்கொண்டு வரும். உள்ளே வந்ததும் வெளியே போனதும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும். அந்தத் திருத்தம் தலைதெறிக்க ஓடாமல் பிடித்து வைப்பதற்கு, கடலைப் பருப்பில் பாதி அளவுக்கு ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஐயாவுக்கு அந்தக் குட்டியைக் கண்டாலே ஆகாது. அது மேல் சத்தத்தை விழுங்குகிறது என்பது அவர் கட்சி. பழுதுபார்க்க வந்த எம்ப்ளிபையர் பலவற்றில் அதைக் கழற்றி, இன்னும் சின்னதாக ஒன்றை வைத்திருக்கிறார். பாடுகிறவர் வாயைத் திறந்தால் பல் தெரிகிற மாதிரிக் கேட்கும். வாடிக்கையாளர்கள் கூடுதலாக ஐந்து வெள்ளி கொடுத்துவிட்டுப் போனார்கள். குருவிக்குச் செய்யும்போது கேட்கவேண்டுமா? இருப்பதிலேயே சின்னதைத் தேடிப் பிடித்து வைத்தார்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம், நூற்றிருபது டுவீட்டரையும் பலகைகளில் ஆணியடித்து மாட்டி, கம்பி இழுத்து, சுவிட்சைத் தட்டினார். அந்தக் காட்சியை ஹுத்தான் மெலிந்தாங்கில் பார்த்தவர்கள் இன்னும் சொல்வார்கள். வானத்தில் கரும்பொடி தூவியது போலக் குருவிகள் வந்தன. ஓட்டையைச் சுற்றிச் சுழன்றன, உள்ளே போயின, வெளியே வந்தன, மறுபடி போயின. தேங்காய் வாங்க வந்தவர்கள் தேங்காயை மறந்து அண்ணாந்து நின்றார்கள். ஐயாவு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவின் நடுவில் நின்றார்.

“பாத்தியா?” என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய அடக்கம்.

ஒரு வாரம் கூட ஆகவில்லை. எம்ப்ளிபையர் கொதித்துக் கருகிவிட்டது. இன்னொன்றைக் கொண்டுபோய் வைத்தார். அதுவும் போனது, போகும்போது முப்பது டுவீட்டரையும் கூட்டிக்கொண்டு போனது.

“கரண்டு சரியில்லப்பா.”

“பக்கத்து வீட்டுக்கும் அதே கரண்டுதான்ணே.”

“கடல் காத்து. உப்பு ஏறிருச்சி.”

“அவன் வீட்டுக்கு மட்டும் கடல் காத்து லீவு போட்டிருக்கா?”

“பல்லி உள்ள போயிருக்கும்லா!”

“அண்ணே,” என்றார் அர்ச்சுனன், குரலைத் தாழ்த்தி. அவர் கத்தியிருந்தால் ஐயாவுக்குத் தேவலை. “பல்லியும் இல்ல, கொக்கும் இல்ல. வந்த குருவியும் போயிருச்சி. இது என் சேமநிதிக் காசு. தீபாவளிக்குள்ள குருவி வரணும், இல்ல முன்பணம் திரும்பி வரணும். உறவுக்காரங்கன்னு பாத்துத்தான் இவ்வளவு நாள் குடுக்கிறேன்.”

“ஐயாவு வாங்கின காசுக்கு வேலை செய்யாம இருந்ததில்ல. தீபாவளிதானே? போலே, முடிச்சிரலாம்!”

போலே என்று சொல்லிவிட்டு, ஈப்போ வரைக்கும் வேனில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். முன்பணம் முழுவதும் சாமான் வாங்கியதில் போய்விட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் கடைச் சாவியைக் கழற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. நாற்பது வருடத்துக்குக் கிட்டே எரிந்த கடைப் பலகையின் விளக்கு அணையும். அதைவிட, ஐயாவு செய்தது கருகிப்போனது என்று ஹுத்தான் மெலிந்தாங்கைச் சுற்றிய பாகான் டத்தோ வட்டாரம் முழுக்கப் பேச்சாகும்.

கடையில் புதிதாக ஒன்று செய்து, இரண்டு டுவீட்டரை மாட்டிப் போட்டுப் பார்த்தார். நாள் முழுக்கப் பாடியது. சூடே இல்லை.

கல்லாவில் உட்கார்ந்து ரிமோட் கண்ட்ரோலும் பேட்டரியும் விற்றுக்கொண்டிருந்த மங்களம், புருஷன் அந்தப் பெட்டியைத் தடவித் தடவிப் பார்ப்பதைக் கவனித்தார்.

“இங்க நல்லாத்தான் பாடுது, மங்களம்.”

“அப்ப இங்கயே குருவி வளத்துருவோம். ஓட்டை மட்டும் போடணும்.”

“கிண்டலா?”

“பின்ன என்னாங்க? சீக்கு அங்க இருக்கு, வைத்தியம் இங்க பாக்குறீங்க. அங்க போயி உக்காந்து பாருங்க. ஒத்துக்கிட்டுப் போங்க, ஒண்ணும் தெரியலன்னு.” அவர் கல்லாவின் அடியிலிருந்து ஒரு உறையை எடுத்து வைத்தார். பெண்கள் சீட்டுப் போல மாதா மாதம் கூட்டுக் கட்டியதில் அந்த மாதம் அவர் முறைக்கு வந்த ஆயிரம் வெள்ளி. “சாமானுக்கு. இதுவும் கருகுச்சின்னா அடுத்த கூட்டு முடிய உங்களுக்குக் கறி கிடையாது.”

அடுத்த நாள் ஐயாவு வேனில் புது எம்ப்ளிபையர், கருவிப் பெட்டியோடு கடையில் கிடந்த ஒரு பழைய ரேடியோவையும் ஏற்றினார். மீடியம் வேவ் பிடிக்கிற ரேடியோ. அந்த அலையில் இப்போது எந்த நிலையமும் கிடையாது, இரைச்சல் மட்டும்தான். அந்த இரைச்சல்தான் அவருக்கு வேண்டும். எம்ப்ளிபையர் காதுக்கு எட்டாத உயரத்தில் தானாகக் கத்த ஆரம்பித்தால், மனிதனுக்குக் கேட்காது, மீட்டரிலும் பிடிபடாது. ஆனால் பக்கத்தில் வைத்த மீடியம் வேவ் ரேடியோ விசிலடிக்கும். பெரிய இடங்களில் ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்துத் திரை வைத்த மிஷின் வாங்கி இதைப் பார்ப்பார்கள். ஐயாவு பழைய இரும்புக் கடையில் பத்து வெள்ளிக்கு எடுத்த ரேடியோவில் பார்த்தார்.

குருவிகள் இரை தேடப் போயிருக்கும் பட்டப்பகலில் குருவி வீட்டுக்குள் ஏறினார்கள். எச்சமும் ஈரமும் கலந்த நெடி. அர்ச்சுனன் டார்ச் அடித்தார். ஐயாவு எல்லா டுவீட்டரையும் கழற்றிவிட்டு, எம்ப்ளிபையரைப் போட்டு, ஒரு வரிசையை மட்டும் மாட்டச் சொன்னார். ரேடியோ சர்ரென்று இரைந்துகொண்டே இருந்தது.

“அடுத்த வரிசை.”

இரைச்சல்.

“அடுத்தது.”

ரேடியோ உய்ங்ங் என்று ஊளையிட்டது. அர்ச்சுனன் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டார்.

“என்னாண்ணே இது, பேயா?”

“என் எம்ப்ளிபையர்தான். அழுவுது.” ஐயாவு ஒரு டுவீட்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த வகை டுவீட்டருக்குள் காந்தம் இல்லை, கம்பிச் சுருள் இல்லை. ஒரு மெல்லிய தட்டு, இரு பக்கமும் வெள்ளிப் பூச்சு. இரண்டு உலோகப் பரப்பும் நடுவில் ஒரு தட்டும் என்றால் அதற்கு என்ன பெயர்? தன் கையாலேயே நூற்றிருபது கெப்பாசிட்டரை ஆணியடித்து மாட்டிவிட்டு, ஸ்பீக்கர் மாட்டினேன் என்று தெருவில் நின்றிருக்கிறார். கெப்பாசிட்டர் கரண்டை வாங்கி வைத்துக்கொண்டு தாமதமாகத்தான் பதில் சொல்லும். திருத்துகிற கம்பிக்குத் தகவல் பிந்தி வரும்.

“பிந்தி வந்தா என்ன ஆவும்?” என்று கேட்டார் அர்ச்சுனன்.

“பிந்தி வந்தா... திருத்துறது தப்பாப் போவும்.” சொல்லத் தெரியாமல் ஐயாவு கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

அந்தக் கையாட்டத்தைப் பார்த்து அர்ச்சுனன் சிரித்துவிட்டார். “பாதி டேங்க்!”

“என்னாது?”

“அண்ணே, டேங்கர்ல எண்ணெ முழுசா இருந்தா பயமில்ல, காலியா இருந்தா பயமில்ல. பாதி இருந்தாத்தான் சாவு. பிரேக் போட்டா லோரி நிக்கும், எண்ணெ நிக்காது. ஒரு மூச்சு கழிச்சி வந்து முதுகுல இடிக்கும். வளைவுல இடது பக்கம் தள்ளுதேன்னு ஸ்டேரிங்க வலது பக்கம் வெட்டினா, அதுக்குள்ள எண்ணெயும் வலதுக்கு வந்திருக்கும். நம்ம தள்ளுறதும் அது தள்ளுறதும் ஒண்ணாச் சேந்துக்கும். மறுபடி வெட்டினா இன்னும் பெருசா வரும். மூணாவது வெட்டுல லோரி பள்ளத்துல. புது டிரைவருங்க எல்லாம் அப்படித்தான் கவுத்தானுங்க. கை ரொம்ப வேகம்.”

நாற்பது வருடமாக ஐயாவு கழற்றி எறிந்த குட்டிக் கெப்பாசிட்டர்கள் எல்லாம் கண்முன்னே வந்து போயின. அவை சத்தத்தை விழுங்க உட்கார்ந்தவை அல்ல. வேகமான கையைப் பிடித்து நிறுத்த உட்கார்ந்தவை. இரண்டு ஸ்பீக்கர் மாட்டுகிற இடத்தில் அது இல்லாமல் தப்பித்துக்கொண்டார். இங்கே பாதி டேங்க் எண்ணெயை ஏற்றிவிட்டு வேகக் கை டிரைவரை உட்கார வைத்துவிட்டார்.

“நீ எப்படிக் கவுக்காம ஓட்டின?”

“கையை மெதுவா வச்சிக்குவேன். டேங்குக்குள்ள ஓட்டை போட்ட தடுப்புத் தகடு வச்சிருப்பான், எண்ணெ ஒரேயடியா ஓடாம இருக்க. அப்புறம், எண்ணெ தள்ளின பின்னாடி திருப்பக்கூடாதுண்ணே. தள்ளப் போவுதுன்னு வளைவு வர முன்னாடியே தெரியணும்.”

“நீ எலக்ட்ரானிக் படிச்சியா?”

“நான் லைசென்ஸ் படிச்சேன்.”

ஐயாவு அங்கேயே தேங்காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். முதலில் ஆத்திரத்தில் பெரிய கெப்பாசிட்டராக ஒன்றைப் பற்றவைத்தார். வரிசைக்கு வரிசை பெரிய ரெசிஸ்டராகத் தடுப்பு வைத்தார். எல்லா டுவீட்டரையும் மாட்டினாலும் ரேடியோ ஊளையிடவில்லை. ஆனால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வந்தது. அன்று சாயங்காலம் குருவிகள் மேலே சுற்றின, எட்டிப் பார்த்தன, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன.

“இப்ப லோரி கவுறல,” என்றார் அர்ச்சுனன். “ஆனா நகரவும் இல்ல.”

“இருடா. நாளைக்கி.”

ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறைக்க ஆரம்பித்தார். கெப்பாசிட்டரை ஒரு படி குறைப்பார், காது கொடுப்பார். இன்னொரு படி குறைப்பார், ரேடியோ விசிலடிக்கும். ஒரு படி ஏற்றுவார். வரிசைத் தடுப்புகளைச் சின்ன ரெசிஸ்டராக மாற்றினார். எம்ப்ளிபையர் வாசலில் தடித்த செம்புக் கம்பியைப் பேனாவில் சுற்றிச் சுருளாக்கி, ஒரு ரெசிஸ்டரோடு சேர்த்து மாட்டினார். வேகமாக ஓடுவதை மட்டும் அது தடுக்கும், குருவிச் சத்தத்துக்கு வழிவிட்டுவிடும். அப்படியும் கடைசி இரண்டு வரிசை சேரும்போது ரேடியோ முனகியது. கெப்பாசிட்டரை ஏற்றினால் முனகல் போகும், கூர்மையும் போகும்.

அப்போதுதான் வளைவு வருமுன்னே தெரியவேண்டும் என்று டிரைவர் சொன்னது அவருக்கு வேறு மாதிரிக் கேட்டது. பெட்டியைக் கிளறி, சாமான்களிலேயே சின்னதான ஒரு கெப்பாசிட்டரை எடுத்து, திருத்துகிற கம்பியில் இருக்கும் ரெசிஸ்டரின் முதுகில் ஏற்றினார். வேகமாக மாறுகிற சத்தத்தின் செய்தி மட்டும் அதன் வழியாகக் கொஞ்சம் முந்திக்கொண்டு உள்ளே போகும். பிந்தி வருகிற தகவலுக்கு முன்னால் அது போய்ச் சொல்லிவிடும். சுவிட்சைத் தட்டினார். எல்லா வரிசையும் மாட்டியிருந்தது. ரேடியோ ஒரே சீராக இரைந்தது. அர்ச்சுனன் ஒவ்வொரு வரிசையாகப் பிடுங்கியும் மாட்டியும் பார்த்தார். ரேடியோ கண்டுகொள்ளவே இல்லை. மேலே கீச்சுச் சத்தம் கண்ணாடிச் சில்லு போலக் கேட்டது. எம்ப்ளிபையர் முதுகில் ஐயாவு உள்ளங்கையை வைத்தார். குழந்தை நெற்றிக்கு இருக்கும் சூடுதான்.

“ஆச்சாண்ணே?”

“ஐயாவு செஞ்சதுடா இது,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “டிரைவர் பக்கத்துல இருந்தான்,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஏமாந்த குருவி உடனே திரும்பி வராது. ஜூன் போனது, ஜூலை போனது. முதலில் சில குருவிகள் மட்டும் உள்ளே போய் இராத்தங்கின. பக்கத்து வீட்டிலிருந்து ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. எம்ப்ளிபையர் மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. இடி விழுந்து தெருவில் கரண்டு போய் வந்த நாளிலும் பாடியது. இதற்கிடையில் ஐயாவு, தான் குட்டிக் கெப்பாசிட்டரைக் கழற்றிய பழைய வாடிக்கையாளர்களைத் தேடிப் போய், சும்மாவே பெட்டியைத் திறந்து மாற்றி வைத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், “புது டெக்னிக். உங்களுக்கு மட்டும்,” என்றார்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அர்ச்சுனன் போன் பண்ணினார். “அண்ணியையும் கூட்டிக்கிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஐயாவு போனைக் கல்லாவில் வைத்தார். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு காசைக் கேட்டால் மறுக்க முடியாது என்று நினைத்திருப்பான். புறப்படும்போது கடைச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காசைக் கேட்டால் கொடுக்க அது ஒன்றுதான் அவரிடம் இருந்தது.

ஹுத்தான் மெலிந்தாங்கில் இறங்கியதும் அர்ச்சுனன் நேராக மேலே கூட்டிக்கொண்டு போனார். மங்களம் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டார். மூன்றாவது வரிசைப் பலகையின் மூலையில் டார்ச் வெளிச்சம் நின்றது. பலகையின் அடியில், மரத்தோடு ஒட்டிக்கொண்டு, வெட்டிய நகம் போல வெள்ளையாக ஒரு வளைவு. அதற்குப் பக்கத்தில் கிண்ணமாகவே முடிந்த இன்னொன்று. வெளிச்சம் நகர நகர, அங்கொன்றும் இங்கொன்றுமாக.

“எச்சில்லயா இவ்வளவு அழகு?” என்றார் மங்களம்.

ஐயாவு மூக்கை உறிஞ்சினார். எச்ச நெடியால் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கீழே இறங்கியதும் அர்ச்சுனன் இடுப்புப் பையைத் திறந்தார். “கூடு கண்ணுல பட்டா மீதி நாலாயிரம்னு பேச்சு. பேச்சு பேச்சுதான். அந்த முன்பணக் கடன் கணக்கு கூடு வந்த அன்னைக்கே தீந்திருச்சி.”

“எடுறா கையை,” என்றார் ஐயாவு. “கருகின டுவீட்டர் முப்பது. என் தப்பு. அதுக்கு முன்னூறு கழிச்சிக்க.”

“டிரைவருக்குக் கூலி வேணாமா? அதையும் கழிங்க பாப்போம்!”

“அது உறவு முறைக்கு.”

“அப்ப டுவீட்டரும் உறவு முறைக்கு!”

“ஐயாவு எவன் காசுலயும் கெட்ட சாமான் வித்ததில்ல! முன்னூறு கழிக்கலன்னா ஒரு காசு தொடமாட்டேன்.”

“கழிச்சா நான் ஒரு காசு குடுக்கமாட்டேன்!”

தேங்காய் வாங்க வந்திருந்த ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மங்களம் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார்.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க. முன்னூறு கழிச்சாச்சி. மீதியில ஆயிரம் என் கூட்டுக் காசு, அது மொதல்ல.” வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, உள்ளங்கையை விரித்து நீட்டினார். “தம்பி, எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க, இவருக்குக் கேக்கட்டும்.”

அர்ச்சுனன் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு முதல் நூறை அந்தக் கையில் வைத்தார்.

“நூறு. இருநூறு. முன்னூறு...”